பெயரைத் திறந்து பார்த்தவர்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையலும் சித்திரமும் சொல்லிக்கொடுக்க நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. டீச்சர்மார் தங்கும் விடுதியில் எனக்கு ஒதுக்கிய அறையில் மூத்த டீச்சர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். பெட்டியை நான் இறக்கி வைப்பதற்குள் கேட்டார்:

“ஒங்கப்பா பேரு என்ன?”

“யோனத்தான்.”

“அவுகளுக்கு அப்பா?”

சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தாத்தா ஞானஸ்நானம் வாங்காமலே போய்ச் சேர்ந்தவர். “பிச்சை” என்றேன்.

அவர் முகம் விளக்கேற்றினாற்போல ஆயிற்று. “ஏளா, ரெண்டும் ஒரே பேருல்லா!”

எனக்கு விளங்கவில்லை. என் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டு விளக்கினார். யோனத்தான் என்றால் எபிரேய பாஷையில் கர்த்தர் கொடுத்தவன் என்று அர்த்தம். நம் பக்கத்தில் முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறந்ததைச் சாமியிடம் மடியேந்தி வாங்கியது என்று பிச்சை எனக் கூப்பிடுவார்கள். “சத்தத்தப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. உள்ள பாத்தா ஒரே குடும்பம். சரி, ஒங்க தாத்தாவுக்கு முந்தி எத்தனை பிள்ளை தவறிச்சு?”

“தெரியாதே.”

“கேட்டு எழுது.”

வீட்டுக்குக் கடிதம் போட்டேன். மூன்று என்று அப்பா பதில் எழுதினார். மூன்றும் பெண் பிள்ளைகள். இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டில் வளர்ந்திருக்கிறேன். அந்த மூன்று பேரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் தாத்தாவின் பெயருக்குள் மூன்று சாவு இருப்பதை, அவரைப் பார்த்தே இராத ஒரு அம்மாள் ஒரே நிமிஷத்தில் கண்டுவிட்டாரே!

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது தன்னுடையது இல்லை என்று அவரே சொல்லுவார். தாது வருஷப் பஞ்சத்தில் விடுதியில் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளுக்கு, அவர்கள் செலவை ஏற்றுக்கொண்ட சீமைச் சீமாட்டிகளின் பெயரை வைப்பது உண்டு. அவருக்கும் அப்படி ஒன்று வந்தது. “அது ஒரு நல்ல அம்மாவோட பேரு. நான் இரவல் வாங்கிப் போட்டுட்டிருக்கேன்” என்பார். டீச்சர்மார் நாங்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அக்கா என்றும் தங்கச்சி என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டோம். அவர் மட்டும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. “டீச்சர்னு சொல்லு, போதும்.” ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒல்லியான உடம்பு. வெள்ளைச் சேலை. இடுப்பில் ஒரு சின்னத் தகரப் பெட்டி எப்போதும் இருக்கும். காதுமடல் இரண்டிலும் தையல் போட்ட தழும்பு. பாம்படம் போடுவதற்காகக் குழந்தையிலேயே வளர்த்துவிட்ட காதை விடுதியில் தைத்துவிட்டிருந்தார்கள். அந்த வயதுக்காரிகள் பலருக்கு அங்கே அதே தழும்புதான்.

அவருடைய பைத்தியம் பூசணம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரைசானி டீச்சர் தன் பித்தளை மைக்ராஸ்கோப்பையும் இரண்டு தடித்த புத்தகங்களையும் இவரிடம் விட்டுப் போயிருந்தார். அதிலிருந்து பிடித்த பைத்தியம். சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் அறையில் பாதியை வாங்கி, பலகை அடித்து, தீப்பெட்டிகளையும் சிகரெட் தகரங்களையும் வரிசையாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் காய்ந்த இலை, மரப்பட்டை, சாணி வறட்டித் துண்டு. மசாலாவுக்குப் போடுகிற கல்பாசிகூட ஒரு பெட்டியில் இருந்தது. “இதுவும் அந்தக் குடும்பம்தான்” என்று சமையற்காரம்மாவிடம் சொல்லப்போக, அந்த அம்மாள் ஒரு மாசம் குழம்பில் கல்பாசியே போடவில்லை.

அவர் பார்த்ததெல்லாம் பைப்பூசணம். அந்தப் பேரை அவரே வைத்துக்கொண்டார். வித்துகளைப் பைக்குள் அடைத்து வைக்கிற பூசணம் என்று பொருள். பலகையில் நான்கு அடுக்கு. தட்டுமாதிரி விரிந்து அதன்மேல் பையை வைப்பவை முதலாவதில். குடத்துக்குள் பையை ஒளிப்பவை இரண்டாவதில். வாயே இல்லாத உருண்டைக்குள் வைத்து மூடுபவை மூன்றாவதில். நான்காவது அடுக்குத்தான் நிரம்பி வழியும். அதில் அவர் கையால் ஒட்டிய சீட்டு: ‘பை இன்னும் காணாதவை.’

முதல் முறையாக என்னைக் கூப்பிட்டுக் காட்டியது மாட்டுச் சாணியில். மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதன்மேல் சாணியை வைத்து, லாந்தர்க் கண்ணாடியால் மூடிப் பத்து நாள் வைத்திருந்தார். கடுகில் பாதி அளவுக்கு மஞ்சள் தட்டுகள் முளைத்திருந்தன. ஒன்றை ஊசியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் நசுக்கி, “மூக்கப் பிடிச்சுட்டுப் பாரு” என்றார்.

பார்த்தேன். மூக்கை விட்டுவிட்டேன். கண்ணாடி போலத் தெளிந்த நீளமான பைகள், பயற்றங்காய்கள்போல நெருக்கி நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஊதா நிறத்தில் வித்துகள். மாதாகோயில் ஜன்னல் கண்ணாடியில்கூட அப்படி ஒரு ஊதாவை நான் கண்டதில்லை.

“எண்ணு” என்றார்.

“எட்டு.”

“அடுத்த பையில?”

“எட்டு.” அதற்கடுத்ததிலும் எட்டு. எனக்கு மேல் சிலிர்த்தது. தெருவில் நாம் ஒதுங்கி நடக்கிற சாணிக்குள் உட்கார்ந்து, யாரும் பார்க்காத இடத்தில், யாரோ தவறாமல் எட்டெட்டாக எண்ணிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து சாயங்காலங்களில் அவருக்குப் படம் வரைந்து கொடுப்பது என் வேலையாயிற்று.

அந்த வேலையில்தான் ஒருநாள் நான் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு பையில் ஏழு வித்துத்தான் தெரிந்தது. எட்டுத்தானே இருக்கும், ஒன்று பின்னால் மறைந்திருக்கும் என்று எட்டாக வரைந்துவிட்டேன். அழகாகவும் வந்திருந்தது. அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார், படத்தைப் பார்த்தார், நடுவில் கிழித்தார்.

“நீ பாத்தது எத்தனை?”

“ஏழு. ஆனா எட்டுத்தானே...”

“நீ பாத்தது ஏழு. ஏழுதான் வரையணும். இல்லாத ஒண்ண இருக்கும்னு நெனச்சுப் போட்டுட்டா, அப்புறம் அத யாரும் தேடமாட்டாக.”

நான் அழுதுவிட்டேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. புதுக் காகிதம் எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் எனக்கு அவரைப் பார்க்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.

கள்ளுக்கடைச் சங்கதியை ஊரே பேசியது. பதநீர் புளித்துக் கள்ளாவதும் ஒரு பைப்பூசணத்தின் வேலை என்று புத்தகத்தில் படித்தவர், ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில் வெள்ளைச் சேலையோடு ஊர்க்கோடிக் கள்ளுக்கடைக்கு நடந்துவிட்டார். பின்னால் நான் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் நடுங்கிவிட்டார்.

“அம்மா, இது ஒங்களுக்கு ஆகாதும்மா. பாதிரியாருக்குத் தெரிஞ்சா என் கடைய மூடிப்போடுவாக.”

“குடிக்கக் கேக்கல, அண்ணாச்சி. பானைக்கு அடியில கெடக்க மண்டி, அது ஒரு செரட்டை தாரும்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் சபை மூப்பர்கள் காதுக்கு விஷயம் எட்டிவிட்டது. திங்கட்கிழமை தலைமைத் துரைசானி கூப்பிட்டனுப்பினார். இவர் வெறுங்கையோடு போகவில்லை. மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனார். துரைசானியைப் பார்க்க வைத்துவிட்டு, “உங்க ரொட்டியப் பொங்க வைக்கிறதும் இதுதாம்மா. ராப்போஜனத்துத் திராட்சரசமும் இது இல்லாம ரசமாகாது. மூப்பர்மார கேட்டுச் சொல்லுங்க, அதையும் நிறுத்திருவோமா?” என்றார். துரைசானி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். விஷயம் அதோடு முடிந்தது.

அந்த மண்டியை ஈரச் சுண்ணாம்புக் கட்டியில் தடவி, தின்ன ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தார். “வயிறு நிறைஞ்சிருக்கையில இது தன்னைக் காட்டாது. பட்டினி போட்டாத்தான் பை வைக்கும்” என்றார். நாலாம் நாள் பைகள் தெரிந்தன. இதில் மட்டும் பைக்கு நான்கு வித்து.

எதற்கும் அவர் அவசரப்பட்டுப் பெயர் வைத்ததில்லை. புங்க இலையில் விழுகிற கரும்புள்ளி ஒன்றை வடக்கே சர்க்கார் விவசாய இலாகாவில் இருந்த ஒரு துரைக்கு அனுப்பினார். அவர் ஒரு லத்தீன் பெயரை எழுதி அனுப்பினார். இவர் அதைச் சீட்டில் எழுதவில்லை. “இது பச்சை இலையில இருக்க கோலம். பை வைக்கையில கோலம் மாறும், பேரும் மாறும். பொறுத்துப் பாக்கணும்.” விழுந்த சருகுகளை வலைப்பையில் கட்டி, மழையும் வெயிலும் படும்படி வேப்பங்கொம்பில் தொங்கவிட்டார். முதல் வருஷம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருஷம் வலைப்பையைக் குரங்கு கிழித்துப் போட்டது. மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை விட்டபிறகு மக்கிய சருகில் குடங்கள் கிடைத்தன; குடத்துக்குள் பை, பைக்குள் எட்டு. புத்தகத்தில் முந்நூறு பக்கம் தள்ளி வேறு பெயரில் இருந்த ஒன்றும் இதுவும் ஒன்றே என்று ஆயிற்று. துரையிடமிருந்து நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அதை மடித்துத் தீப்பெட்டிக்கு அடியில் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்தார்.

பெயர்களுக்கும் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். தயிர்க்காரி, தபால்காரர், பிள்ளைகளைப் பார்க்க வரும் தகப்பன்மார் என்று யார் வந்தாலும் கேள்விதான். முத்து என்று பெயருள்ளவர்கள் மட்டும் இரண்டு பக்கம். குலசாமி பெயரால் முத்தானவர்கள் ஒரு வரிசை. அம்மை முத்துப் போட்டுப் பிழைத்ததால் முத்தானவர்கள் இன்னொரு வரிசை. “ஒரே சத்தம், வேற வேற குடும்பம்” என்பார்.

நான் அங்கே போன ஐந்தாம் வருஷம், ஆவணியில் ஒரு காலை, காவற்காரர் ஒரு மனுஷரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துண்டு, காலெல்லாம் புழுதி. முக்கூடலிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

“இங்கன பேரு விசாரிக்க டீச்சரம்மா ஒருத்தவுக இருக்காகளாமே?”

டீச்சர் வெளியே வந்தார். அந்த மனுஷர் தலை குனிந்தபடியே சொன்னார். பஞ்சத்தில் அவர்கள் குடும்பம் முக்கூடலுக்கு வடக்கே மானாவாரிக் காட்டில் இருந்தது. அப்பா முதலில் போனார். பிள்ளைகளைச் சேர்க்கும் விடுதி வண்டி வந்தபோது அம்மா கடைக்குட்டிப் பெண்ணைக் கொடுத்துவிட்டாள். அதே மாசம் அம்மாவும் போனாள்.

“நாந்தான் தூக்கி வண்டியில ஏத்துனேன். பத்து வயசு எனக்கு. பெறவு தலையெடுத்து எத்தனையோ விடுதி ஏறி எறங்கிட்டேன். பிச்சின்னு ஒரு பிள்ளை வந்துச்சான்னு கேப்பேன். புஸ்தகத்தப் பாத்துட்டு அப்படி யாரும் இல்லேம்பாக.”

இதைச் சொல்லி நிமிர்ந்தவர் டீச்சர் முகத்தைப் பார்த்தார். துண்டு தோளிலிருந்து விழுந்தது.

“எங்கம்மை மொகம்...” என்றார். “தாயி, அச்சு எங்கம்மை மொகம். நீதான். நீதான் பிச்சி.”

அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். விழுந்த துண்டை டீச்சர் எடுத்து அவரிடம் நீட்டினார்.

“ஒரு வாரம் கழிச்சு வாரும், அண்ணாச்சி.”

“எதுக்குத் தாயி ஒரு வாரம்? கண்ணு பொய் சொல்லுமா?”

“சொல்லும்” என்றார் அவர்.

எனக்குத் தாங்கவில்லை. வயது சரி, மேற்கேயிருந்து வந்த வண்டி சரி, தைத்த காது சரி, முகமும் அவரே சொல்கிறார், இன்னும் என்ன வேண்டும் என்று சண்டை போட்டேன். டீச்சர் என்னை அலுவலக அறைக்கு அழைத்துப் போய், துரைசானியிடம் சாவி வாங்கி, பஞ்ச காலத்துப் பதிவேட்டை எடுத்தார். தேடவில்லை, அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. அத்தனை தடவை திறந்த பக்கம்.

மேற்கேயிருந்து வந்த ஒரே வண்டியில் இரண்டு சின்னப் பெண்கள். ஒருத்தி, நாலு வயதிருக்கும், பெயர் பிச்சை. இன்னொருத்தி, மூன்று வயதிருக்கும், பெயர் தெரியவில்லை. அந்த இரண்டாமவளுக்கு நேரே, அன்றைய துரைசானி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ‘பெயர் கேட்டால் சொல்லவில்லை. நாள் முழுவதும் அக்கா, அக்கா என்றே அழுகிறது.’ அதற்கும் நேரே, டீச்சர் இரவல் வாங்கிய அந்தச் சீமாட்டியின் பெயர்.

“இத எப்ப முதல்ல பாத்தீங்க?” என்றேன்.

“பதினாறு வயசுல.”

பிறகு விரலை மேலே நகர்த்தினார். “இது பிச்சை இல்ல. பிச்சி. பிச்சிப்பூ. துரைசானி காதுல பிச்சைன்னு விழுந்திருக்கு. முந்தின பக்கம் பாரு. முத்துன்னு வந்தவளுக்கு மார்கரெட்டுன்னு வச்சிருக்காக. மார்கரெட்டுன்னா கிரேக்க பாஷையில முத்து. பேரோட அர்த்தத்தப் பாத்து வைக்கிறவுக அவுக. அப்ப பிச்சைக்கு?”

பார்த்தேன். பிச்சைக்கு நேரே ‘கிருபை’ என்றிருந்தது. கேட்காமல் கொடுக்கப்படுவது. அதற்குக் கீழே வேறு மையில்: சாத்தான்குளம் பக்கம் ஒரு உபதேசியாருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள்.

இந்த ஏட்டை விடுதியில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அந்த அக்கா என்ற வார்த்தையைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், அவருக்கு ஒரு அண்ணன் கிடைத்திருப்பார்.

ஒரு வாரம் கழித்து முக்கூடல்காரர் வாழைத்தார் ஒன்றைச் சுமந்து வந்தார். டீச்சர் முதலில் கேட்டது: “அண்ணாச்சி, ஒங்க வீட்டுல பொம்பளப் பிள்ளை வேற உண்டா? பிச்சிக்கு மூத்தவளா?”

“இல்ல தாயி. நாங்க ரெண்டு ஆம்பளப் பிள்ளைக. கடைசியில பிச்சி.”

“பெரியம்மை மக்க, சித்தி மக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாரையாவது பிச்சி அக்கான்னு கூப்பிடுவாளா?”

இந்தக் கேள்வியைக் கேட்கையில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆமாம் என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா என்று நான் கர்த்தரைக் கூப்பிட்டேன்.

“காட்டுக்குள்ள ஒத்தை வீடு. யாரும் கெடையாது.”

“வண்டியில ஏத்தையில அவ கையில எதுவும் குடுத்தீரா?”

அவர் யோசித்தார். “புளியங்கொட்டை. வறுத்த புளியங்கொட்டை. முந்தியில முடிஞ்சு விட்டேன். கடிக்காத, ஒண்ணொண்ணா சப்பிக்கிட்டே போன்னு சொன்னேன். அதுதான் வீட்டுல இருந்துது.”

“சரி. நான் ஒங்க தங்கச்சி இல்ல, அண்ணாச்சி” என்றார் அவர். ஏட்டில் இருந்ததைச் சொன்னார்.

வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கோபப்பட்டார். பிறகு குரல் இறங்கிக் கெஞ்சினார். “புஸ்தகம் கெடக்கட்டும் தாயி. நான் தங்கச்சின்னு சொல்லுதேன். நீ அண்ணேன்னு சொல்லு. நம்ம ரெண்டு பேருக்கும் அது போதும்லா? யாரு வந்து கேக்கப் போறா?”

காகம் ஒன்று வாழைத்தாரில் வந்து உட்கார்ந்தது. அதை யாரும் விரட்டவில்லை.

“நான் அண்ணேன்னு சொல்லிட்டா,” என்றார் டீச்சர், “அதுக்கப்புறம் பிச்சிய யாரு தேடுவா?”

மறுவாரம் மூன்று பேரும் வண்டி கட்டிச் சாத்தான்குளம் போனோம். வழியில் ஒரு மிஷன் பங்களாவில் தங்கி, அடுத்த நாள் முற்பகல் அந்த ஊர் சேர்ந்தோம். எங்கும் செம்மண், எங்கும் பனை. கோயிலுக்குப் பக்கத்தில் உபதேசியார் வீடு. ஓலை வேலிக்கு வெளியே முக்கூடல்காரரை நிறுத்தி, “நான் கூப்பிடுத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

கிருபையம்மாள் முற்றத்தில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். கனத்த, சிரித்த முகம். எங்களைப் பள்ளிக்கூட விஷயமாக வந்தவர்கள் என்று நினைத்துப் பாய் போட்டாள். அவர் பிச்சி என்ற வார்த்தையை எடுக்கவேயில்லை. விடுதிக்கு வருமுன் ஏதாவது ஞாபகம் உண்டா என்று மட்டும் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. வீடு தெரியாது, ஆளு தெரியாது. பிச்சைன்னு பேரு இருந்துதாம், துரைசானியம்மா சொல்லுவாக. பிச்சை எடுத்த குடும்பமா இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒண்ணே ஒண்ணு. சொன்னா சிரிப்பீக.”

“சிரிக்கமாட்டேன்.”

“புளியங்கொட்டை வறுக்க வாசம் வந்தா எனக்கு அழுகை வந்துரும். முந்திய இறுக்கிப் பிடிச்சுக்கிடுவேன். யாரோ அவுக்க வாராப்புல இருக்கும். ஏன்னு தெரியல.”

வேலிக்கு வெளியே ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா, மூச்சா என்று என்னால் சொல்ல முடியாது. வேலி ஓலை இரண்டைப் பிய்த்துக்கொண்டு அந்த மனுஷர் உள்ளே வந்து நின்றார்.

“பிச்சி” என்றார்.

கிருபையம்மாள் எழுந்துவிட்டாள். பயந்துபோய் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாரு இவுக? பிச்சைன்னா சொல்லுதாக?”

“பிச்சை இல்ல” என்றார் டீச்சர். “பிச்சி. ஒனக்குப் பிச்சிப்பூன்னு பேரு வச்சிருந்தாக. கேட்டவுக காதுல தப்பா விழுந்துட்டு. ஒன் குடும்பம் பிச்சை எடுத்த குடும்பம் இல்ல. இவுக ஒங்க அண்ணன். அந்தப் புளியங்கொட்டைய முடிஞ்சு விட்டவுக.”

கிருபையம்மாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். முடைந்து முடைந்து காய்த்துப்போன கைகள். அண்ணனைப் பற்றி அவள் முதலில் கேட்கவில்லை.

“நான் பூவா?” என்றாள்.

“பூவா டீச்சரம்மா நான்?” என்று மறுபடியும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் அண்ணன் மேல் விழுந்து அழுதாள்.

அவர்களை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வெளியே வந்து பனையடியில் நின்றோம். உங்களுக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபிக்கவில்லை.

“எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா” என்றார். “அது நிச்சயம். எழுதினவுக பாத்துத்தான் எழுதியிருக்காக. அவ பேருதான் தெரியல.” அப்புறம் குனிந்து, ஒரு காய்ந்த எருக்கஞ்சருகை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, தகரப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு பெரிய மலைக்கு அடியில் நிற்கிறாற்போல இருந்தது.

அடுத்த தையில் முக்கூடல்காரர் மகளுக்குக் கல்யாணம். கிருபையம்மாளும் உபதேசியாரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எங்கள் இருவரையும் முக்கூடல்காரரே நேரில் வந்து அழைத்திருந்தார். பந்தியில் கிருபையம்மாளுக்குப் பக்கத்தில் டீச்சர், அவருக்குப் பக்கத்தில் நான். இலை போட்டு, சோறு வைத்து, முக்கூடல்காரரே வாளியைத் தூக்கிக்கொண்டு தேங்காய்ப்பால் சொதி ஊற்றிவந்தார். எதிர் வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்வே, தொலைஞ்ச தங்கச்சி கெடைச்சான்னு சொன்னீரு, சரி. பக்கத்துல இருக்கது யாரு?”

“அதுவும் என் தங்கச்சிதான்” என்றார் முக்கூடல்காரர், நிமிராமல்.

“ஒண்ணுதானே தொலைஞ்சுது?”

டீச்சர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். இந்த ஒரு தடவையாவது பேசாமல் இருங்கள் என்று அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“இல்ல, பெரியவரே” என்றார். “தங்கச்சி இவ ஒருத்திதான். நான் இல்ல.”

“அப்ப நீ யாரு?”

“தெரியாது.”

பெரியவர் இலையைத் தள்ளினார். “யாரு எவருன்னு தெரியாத ஆளோட ஒரே பந்தியில எப்படிவே கை நனைக்க?”

டீச்சர் எழுந்திருக்கப் போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சரியான கேள்வியைக் கேட்டவரிடம் காட்டுகிற மரியாதைதான் இருந்தது. அதற்குள் முக்கூடல்காரர் வாளியைத் தரையில் வைத்தார். மேல்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்கும் டீச்சருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில், பெண்ணைப் பெற்றவர், முதல் பந்தியில், சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அவ சொன்னது நெசம்தான். நான் சொன்னது பொய்” என்றார். “ஏலே, எனக்கும் இங்கனயே ஒரு இலையப் போடு. ஒக்காரு தாயி, சோறு ஆறுது.”

யாரோ ஓடிவந்து இலை போட்டார்கள். டீச்சர் பாதி எழுந்தபடி அவரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். எதிரே பெரியவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்; தள்ளிய இலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அன்று டீச்சர் சொதி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.